யார் போய்ப் பார்த்தார்கள்? தை மாத வானமும் விண்வெளித் தொலைநோக்கிகளும்

அண்டம் பற்றிய பாடத்தை நடத்தும் ஆசிரியர்கள் எல்லோரும் ஒரு கேள்வியைச் சந்தித்திருப்போம். “அங்கே யாரும் போனதே இல்லையே டீச்சர், அப்புறம் எப்படித் தெரியும்?” திருவாதிரை விண்மீன் சூரியனைவிடப் பல நூறு மடங்கு பெரியது, நமது பால்வழித் திரளின் நடுவே ஒரு கருந்துளை இருக்கிறது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும்போது, கடைசி பெஞ்சிலிருந்து இந்தக் கேள்வி எழும்.

“பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது” என்பது இதற்கு விடையாகாது. அதே மாணவர் அன்று இரவு அப்பாவின் கைப்பேசியில், “கருந்துளை பூமியை விழுங்க வருகிறது” என்ற காணொளியைப் பார்க்கிறார். பாடப்புத்தகம் ஒன்று சொல்கிறது, காணொளி வேறொன்று சொல்கிறது. இரண்டும் அவருக்கு யாரோ சொன்ன செய்திதான். எதை நம்புவது என்று பிரித்தறியும் வழியை நாம் கொடுக்காவிட்டால், கூடுதல் இசையோடும் அதிர்ச்சியோடும் வருவதுதான் அவர் மனத்தில் தங்கும். ஆகவே அண்டம் பற்றிய பாடத்தில் “என்ன தெரியும்” என்பதைவிட “எப்படித் தெரிந்தது” என்பதே முதன்மையானது என்று கருதுகிறேன். அதைத் திருப்பனந்தாள் பகுதியில் ஓர் அரசுப் பள்ளியில் எப்படிக் கற்பிக்கிறேன் என்பதை இங்கே பகிர்கிறேன்.

எங்கள் மாணவர்களுக்கு வானம் அந்நியமானதன்று. சூரியனார்கோயிலும் சுக்கிரனுக்குரிய கஞ்சனூரும் பக்கத்து ஊர்கள். கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை ஆகிய பெயர்கள் வீட்டு நாள்காட்டியிலேயே இருக்கின்றன. வழிபாட்டை நான் வகுப்பில் விவாதப்பொருள் ஆக்குவதில்லை. குழந்தைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த பெயர்களை எடுத்துக்கொண்டு, “இந்தப் பெயருக்குரிய விண்மீன் வானில் எங்கே இருக்கிறது, அது நமக்கு என்ன சேதி அனுப்புகிறது?” என்று தொடங்குகிறேன்.

மேட்டூர்த் தண்ணீரும் விண்மீன் ஒளியும்

விண்மீன்களிலிருந்து நமக்கு வந்து சேர்வது பெரும்பாலும் ஒளிதான். நாம் அங்கே போக வேண்டியதில்லை, ஒளி இங்கே வருகிறது. இதை விளக்க எங்கள் பகுதியில் ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. மேட்டூரில் அணை திறந்த அன்றே மண்ணியாற்றில் தண்ணீர் வருமா என்று கேட்டால், மாணவர்கள் சிரிப்பார்கள். அது கல்லணைக்கு வந்து, ஆறுகளாகப் பிரிந்து, நம் வாய்க்காலுக்கு வரப் பல நாள்கள் ஆகும். இன்று வயலில் பாய்வது சில நாள்களுக்கு முன்பு மேட்டூரை விட்டுக் கிளம்பிய தண்ணீர். தண்ணீர் செந்நிறமாகக் கலங்கி வந்தால் மேலே எங்கோ மழை பெய்திருக்கிறது என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். அவர்கள் குடகுமலைக்குப் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்வதில்லை. வந்த தண்ணீரைப் படித்துச் சொல்கிறார்கள்.

ஒளியும் அப்படித்தான். நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கி.மீ. வேகத்தில் வந்தாலும், சூரியனின் ஒளி நம்மை அடைய 8 நிமிடம் 20 நொடி ஆகிறது. இரவு வானின் மிகப் பிரகாசமான விண்மீனான சிரியஸ் 8.6 ஒளியாண்டு தொலைவில் உள்ளது. எட்டாம் வகுப்பு மாணவர் இன்று பார்க்கும் சிரியஸ் ஒளி, அவர் அங்கன்வாடியில் இருந்தபோது கிளம்பியது. கார்த்திகைக் கூட்டம் ஏறத்தாழ 440 ஒளியாண்டு தொலைவில் உள்ளது. தஞ்சையை நாயக்கர்கள் ஆண்ட காலத்தில் புறப்பட்ட ஒளியை நாம் இன்று பார்க்கிறோம். பக்கத்துப் பெரிய விண்மீன் திரளான ஆண்ட்ரோமீடாவின் ஒளி 25 லட்சம் ஆண்டுகள் பழையது. தொலைவைப் பார்ப்பது பழமையைப் பார்ப்பது என்ற கருத்து இதிலேயே வந்துவிடுகிறது.

அணைக்கரை ஷட்டர்களும் வளிமண்டலமும்

“அப்படியானால் தொலைநோக்கியை ஏன் விண்வெளிக்கு அனுப்ப வேண்டும்? பக்கத்தில் போய்ப் பார்க்கவா?” என்பது அடுத்த கேள்வி. பலர் அப்படித்தான் எண்ணுகிறார்கள். ஹபிள் தொலைநோக்கி தரையிலிருந்து ஏறத்தாழ 500 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. விண்மீன்களின் தொலைவோடு ஒப்பிட்டால் இந்த உயரம் ஒன்றுமே இல்லை. பக்கத்தில் போவது நோக்கமன்று. காற்றுக்கு வெளியே போவதே நோக்கம்.

அணைக்கரையில் கொள்ளிடத்தின் குறுக்கே உள்ள கீழணையை மாணவர்கள் பார்த்திருக்கிறார்கள். எல்லா ஷட்டர்களும் எப்போதும் திறந்திருப்பதில்லை. கரும்பலகையில் ஓர் அணையை வரைந்து, ஏழு ஷட்டர்கள் போட்டு, ரேடியோ அலை, நுண்ணலை, அகச்சிவப்பு, கண்ணுக்குப் புலனாகும் ஒளி, புற ஊதா, எக்ஸ் கதிர், காமாக் கதிர் என்று பெயரிடுகிறேன். நமது வளிமண்டலம் இப்படி ஓர் அணை. அதில் நன்றாகத் திறந்திருப்பவை இரண்டு: புலனாகும் ஒளியும் ரேடியோ அலைகளும். நுண்ணலையிலும் அகச்சிவப்பிலும் ஒரு பகுதியே கசிந்து வருகிறது, மீதியைக் காற்றிலுள்ள நீராவி முதலியவை விழுங்கிவிடுகின்றன. புற ஊதாவில் பெரும்பகுதியும், எக்ஸ் கதிரும் காமாக் கதிரும் தரைக்கு வருவதே இல்லை. அவை தடுக்கப்படுவதால்தான் நாம் உயிரோடு இருக்கிறோம். ஆனால் அவை சுமந்து வரும் சேதியும் மேலேயே நின்றுவிடுகிறது.

திறந்திருக்கும் இரண்டு வழிகளுக்கும் தமிழ்நாட்டிலேயே எடுத்துக்காட்டு உண்டு. திருப்பத்தூர் மாவட்டம் ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி 1986 முதல் புலனாகும் ஒளியைச் சேகரிக்கிறது. உதகமண்டலத்தில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள ரேடியோ தொலைநோக்கி 1970 முதல் இயங்குகிறது. மூடிய வழிகளுக்குத்தான் விண்வெளித் தொலைநோக்கிகள் தேவைப்படுகின்றன. இந்தியா 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி30 மூலம் ஏவிய ஆஸ்ட்ரோசாட், புற ஊதாவையும் எக்ஸ் கதிரையும் ஒருசேர நோக்கும் வானாய்வகம். 2024 ஜனவரி 1 அன்று ஏவப்பட்ட எக்ஸ்போசாட், எக்ஸ் கதிர்களின் அதிர்வு எந்தத் திசையில் அமைந்துள்ளது என்பதை ஆராய்கிறது.

புலனாகும் ஒளிக்கும் விண்வெளி நல்லதுதான். விண்மீன் மினுக்குவது அதன் குணமன்று. அசையும் காற்றின் வேலை. அனல் பறக்கும் சித்திரை வெயிலில் தார்ச்சாலைக்கு மேல் எதிரே வரும் பேருந்து நெளிவதைப் போன்றது அது. 1990இல் ஏவப்பட்ட ஹபிளின் படங்கள் அவ்வளவு கூர்மையாக இருப்பதற்கு இந்த நெளிவு இல்லாதது ஒரு காரணம்.

தை மாத வானம் ஒரு கரும்பலகை

மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும் தை மாதத்தில், நிலவில்லாத நாள்களில், இரவு 8 மணிக்கு மேல் வானைப் பார்க்கச் சொல்கிறேன். வரிசையாக மூன்று விண்மீன்கள் எளிதில் அகப்படும். அந்த வரிசையைத் தென்கிழக்கே நீட்டினால் சிரியஸ் கிடைக்கும். வடமேற்கே நீட்டினால் ரோகிணியும், அதற்கப்பால் கார்த்திகையும் கிடைக்கும். மூன்றுக்கும் வடக்கே செந்நிறமாக ஒளிர்வது திருவாதிரை. விண்மீனின் பிறப்பு, முதுமை, இறப்பு ஆகிய அனைத்தையும் வானின் இந்த ஒரே பகுதியை வைத்து நடத்திவிடலாம்.

பிறப்பு: மூன்று விண்மீன்களுக்குச் சற்றுத் தெற்கே மங்கலான புகைபோல் ஓரிடம் தெரியும். அது ஓரியன் நெபுலா, ஏறத்தாழ 1,350 ஒளியாண்டு தொலைவில் உள்ள வாயு, தூசு மண்டலம். அங்கே இப்போதும் விண்மீன்கள் பிறக்கின்றன. இளம் விண்மீன்களைச் சுற்றித் தட்டு வடிவில் தூசு சுழல்வதை ஹபிள் படம்பிடித்தது. கோள்கள் உருவாகும் இடம் அது. தூசு புலனாகும் ஒளியை மறைக்கிறது, அகச்சிவப்பை அவ்வளவாக மறைப்பதில்லை. 2021 டிசம்பர் 25 அன்று ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, 18 அறுகோணத் துண்டுகளால் ஆன 6.5 மீட்டர் ஆடியைக் கொண்டு, பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தொலைவில் நின்று அகச்சிவப்பில் அந்தத் தூசுக்குள் பார்க்கிறது.

முதுமை: திருவாதிரை எரிபொருளை வேகமாகச் செலவிட்டு ஊதிப் பெருத்த செம்பெருமீன். 2019 இறுதியில் தொடங்கி 2020 பிப்ரவரி வரை அது வெறும் கண்ணுக்கே தெரியும் அளவு மங்கியது. வெடிக்கப்போகிறது என்று பேச்சு கிளம்பியது. விண்மீனிலிருந்து வெப்பமான பொருள் வெளியே வீசப்படுவதை ஹபிள் அதற்குச் சற்று முன்பே புற ஊதாவில் பதிவு செய்திருந்தது. அந்தப் பொருள் குளிர்ந்து தூசாகி, விண்மீனின் ஒரு பகுதியை நம் பார்வையிலிருந்து மறைத்தது என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். பின்னர் விண்மீன் பழையபடி ஒளிர்ந்தது. பேச்சுக்கும் சான்றுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

வெடித்து இறப்பது: ரோகிணிக்கு வடகிழக்கே, வெறும் கண்ணுக்குத் தெரியாத நண்டு நெபுலா இருக்கிறது. 1054ஆம் ஆண்டு அங்கே ஒரு விண்மீன் வெடித்த காட்சியைச் சீன வானியலர்கள் எழுதி வைத்தார்கள். பகலிலும் 23 நாள்கள் தெரிந்ததாம். அப்போது கொள்ளிடத்துக்கு வடக்கே, எங்களுக்குப் பக்கத்தில் உள்ள கங்கைகொண்ட சோழபுரம் சோழர் தலைநகரம். இந்த இடத்தில் சமூக அறிவியல் ஆசிரியரும் பாடத்தில் சேர்ந்துகொள்ளலாம். வெடிப்பில் எஞ்சிய நியூட்ரான் விண்மீன் இன்று நொடிக்கு ஏறத்தாழ 30 முறை சுழல்கிறது. அதன் எக்ஸ் கதிர்களின் அதிர்வுத் திசை சுழற்சிக்கேற்ப எப்படி மாறுகிறது என்று ஆஸ்ட்ரோசாட் அளந்து, 2017இல் முடிவுகள் வெளியாயின. சோழர் காலத்தில் வானில் தோன்றிய வெடிப்பின் மிச்சத்தை, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன கருவி படித்திருக்கிறது என்றதும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

அமைதியாக இறப்பது: சிரியஸ் தனி விண்மீனன்று. அதற்கு ஒரு துணை உண்டு. சூரியனுக்கு ஏறத்தாழ நிகரான நிறை, ஆனால் பூமியைவிடச் சற்றே சிறிய உருவம். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய இத்தகைய விண்மீனை வெண்குறுமீன் என்கிறோம். நிறை 2×10³⁰ கிலோகிராம், விட்டம் 12,000 கி.மீ. என்று கொடுத்து அடர்த்தி காணச் சொல்லுங்கள். ஒரு கன சென்டிமீட்டர், அதாவது ஒரு புளியங்கொட்டை அளவுப் பொருளின் நிறை ஏறத்தாழ 2,200 கிலோ என வரும். கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ பிடிக்கும் மூட்டைகளில் 55 மூட்டை. நெல் மூட்டை தூக்கும் அப்பாவைக் கொண்ட பிள்ளைக்கு அந்த எண்ணின் கனம் உடனே புரியும்.

சாதாரணத் தொலைநோக்கியில் சிரியஸின் பேரொளியில் இந்தத் துணை மறைந்துபோகும். ஆனால் சந்திரா எக்ஸ் கதிர் வானாய்வகம் எடுத்த படத்தில் நிலைமை தலைகீழ்: சிறிய வெண்குறுமீன் பளிச்சென்று ஒளிர்கிறது, பெரிய சிரியஸ் அருகில் மங்கிக் கிடக்கிறது. வெண்குறுமீனின் மேற்பரப்பு ஏறத்தாழ 25,000 டிகிரி வெப்பத்தில் இருப்பதே காரணம். எந்த ஒளியில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து எது பெரிதாகத் தெரிகிறது என்பதே மாறிவிடுகிறது. வகுப்பில் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, “எது உண்மை?” என்று கேட்பேன். சிறிது விவாதத்துக்குப் பிறகு, “ரெண்டும் உண்மைதான் டீச்சர், ஷட்டர்தான் வேற” என்று பதில் வந்தது. அதற்கு மேல் நான் விளக்க எதுவும் இருக்கவில்லை.

கப்பலில் போட்ட கணக்கு

அந்த வானாய்வகத்துக்கு ஏன் சந்திரா என்று பெயர்? 1910 அக்டோபர் 19 அன்று லாகூரில் பிறந்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் அது. அவருடைய முன்னோர் பழைய தஞ்சாவூர் மாவட்டக் கிராமங்களில் நிலம் வைத்திருந்தவர்கள். சி.வி. இராமன் அவருக்குச் சித்தப்பா. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், அரசுக் கல்லூரியான சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்தார். 1930இல், 19 வயதில், அரசு உதவித்தொகையுடன் கேம்பிரிட்ஜ் செல்ல மும்பையில் கப்பல் ஏறினார்.

அந்தப் பயணத்தில் அவர் போட்ட கணக்கின் சாரத்தை ஒன்பதாம் வகுப்புக்கும் சொல்லலாம். வெண்குறுமீனைத் தாங்கி நிற்பது அதனுள் நெருக்கப்பட்ட எலக்ட்ரான்களின் அழுத்தம். நிறை கூடக் கூட விண்மீன் இன்னும் சுருங்கும், எலக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கும். அப்போது ஐன்ஸ்டைனின் சார்பியலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சேர்த்துப் பார்த்தால், ஓர் அளவுக்கு மேல் அந்த அழுத்தத்தால் எடையைத் தாங்க முடியாது. அந்த அளவு சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. இதுவே சந்திரசேகர் எல்லை. அதற்கு மேற்பட்ட நிறையுள்ள எச்சம் வெண்குறுமீனாக ஓய்வுபெற முடியாது, மேலும் சுருங்கியே தீரும்.

1935 ஜனவரி 11 அன்று லண்டனில் வானியலர் கூட்டத்தில் அவர் இதை விளக்கினார். அவருக்கு அடுத்துப் பேசிய ஆர்தர் எடிங்டன் அதை ஏற்க மறுத்தார். விண்மீன் அப்படி நடந்துகொள்ள இயற்கை விடாது என்பது அவர் நிலைப்பாடு. எடிங்டன் அக்காலத்தின் மிகப் பெரிய வானியலர். எதிரே நின்றவருக்கு வயது 24. கணக்கில் பிழை என்று யாரும் காட்டவில்லை, ஆனாலும் பெரியவரின் சொல் நின்றது. சந்திரசேகர் சண்டையிடவில்லை. தன் ஆய்வை நூலாக எழுதி வைத்துவிட்டு வேறு துறைக்குச் சென்றார். பிற்காலச் சான்றுகள் அவர் பக்கம் நின்றன. 1983இல் வில்லியம் ஃபவுலருடன் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்த வரலாற்றை நான் தேசப் பெருமைக்காக மட்டும் சொல்வதில்லை. ஆசிரியர்களாகிய நமக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. வகுப்பறையில் எடிங்டனின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது நாம்தான். ஒரு மாணவர் தன் கணக்கோடு எழுந்து நிற்கும்போது, அந்தக் கணக்கைப் பார்க்கிறோமா, அல்லது நம் பதவியால் விடை சொல்கிறோமா?

சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியரான பிறகு, 1940களில் அவர் யெர்க்ஸ் வானாய்வகத்திலிருந்து வாரந்தோறும் நூறு மைலுக்கு மேல் கார் ஓட்டிப் போய்வந்து ஒரு வகுப்பு எடுத்தார். பதிவு செய்திருந்தவர்கள் இருவர் மட்டுமே: லீ, யாங். 1957இல் இருவருக்கும் இயற்பியல் நோபல் கிடைத்தது. மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளிகளில் பணியாற்றும் நண்பர்களுக்கு இந்தச் செய்தியைச் சமர்ப்பிக்கிறேன்.

கண்ணுக்குத் தெரியாததற்கு என்ன சான்று?

ஒளியே வெளிவராத கருந்துளையை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கே மாணவர்களை மைதானத்துக்கு அழைத்துச் செல்கிறேன். இருவர் கைகோத்துத் தட்டாமாலை சுற்றட்டும். ஒருவர் மட்டும் மாயமாக மறைந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மற்றவர் மட்டும் சாய்ந்தபடி வட்டமடிப்பதைப் பார்த்தாலே, எதிரே யாரோ இருக்கிறார் என்றும், அவர் எடை எவ்வளவு இருக்கும் என்றும் சொல்லிவிடலாம்.

1970 டிசம்பர் 12 அன்று, கென்யாவின் விடுதலை நாளில், அதன் கடற்கரையிலிருந்து உகுரு என்ற எக்ஸ் கதிர் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. சுவாகிலி மொழியில் அந்தச் சொல்லுக்கு விடுதலை என்று பொருள். சிக்னஸ் எக்ஸ்-1 என்ற மூலத்தின் எக்ஸ் கதிர் ஒரு நொடிக்குள்ளேயே கூடிக் குறைவதை அது காட்டியது. அவ்வளவு வேகமாக மாற வேண்டுமானால் அந்தப் பொருள் மிகச் சிறியதாக இருக்க வேண்டும். அவ்விடத்தில் தெரிந்த விண்மீன், தெரியாத ஏதோ ஒன்றுடன் 5.6 நாளுக்கு ஒரு முறை தட்டாமாலை சுற்றுவதைத் தரைத் தொலைநோக்கிகள் கண்டன. அந்தத் தெரியாத துணையின் நிறை சூரியனைப்போல் ஏறத்தாழ 21 மடங்கு என்று இப்போது கணக்கிட்டிருக்கிறார்கள். வெண்குறுமீனோ நியூட்ரான் விண்மீனோ அவ்வளவு கனமாக இருக்க இயலாது. சிறியது, கனமானது, ஒளியற்றது என்ற மூன்று சான்றும் ஒரே இடத்தில் சேர்கின்றன.

நமது பால்வழியின் நடுவிலும் இதே வழிதான். ஏறத்தாழ 26,000 ஒளியாண்டு தொலைவில் சில விண்மீன்கள் ஒரு வெற்றிடத்தைச் சுற்றி ஓடுவதை அகச்சிவப்பில் ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். நடுவில் 40 லட்சம் சூரிய நிறையுள்ள பொருள் இருப்பது தெரிந்தது. இந்த ஆய்வுக்காக ரைன்ஹார்ட் கென்செல், ஆண்ட்ரியா கெஸ் இருவருக்கும் 2020இல் நோபல் கிடைத்தது. 2019 ஏப்ரல் 10 அன்று வெளியான எம்87 திரளின் கருந்துளைப் படம், பல கண்டங்களின் ரேடியோ தொலைநோக்கிகளை இணைத்துத் தரையிலிருந்தே எடுத்தது. திறந்த ஷட்டர் இருக்கும்போது அதைப் பயன்படுத்துவதுதானே அறிவு!

இப்போது அந்தக் காணொளிக்கு வருவோம். இதுவரை அறிந்த கருந்துளைகளில் நமக்கு மிக அருகில் இருப்பது, ஐரோப்பாவின் கையா விண்வெளித் தொலைநோக்கி வழியே 2022இல் கண்டறியப்பட்டது. அதன் தொலைவு ஏறத்தாழ 1,560 ஒளியாண்டு. சூரியனைப் போன்ற ஒரு விண்மீன் 186 நாளுக்கு ஒரு முறை அதைச் சுற்றி வருகிறது, விழுங்கப்படவில்லை. சூரியன் இருக்கும் இடத்தில் அதே நிறையுள்ள ஒரு கருந்துளை வந்து அமர்ந்தால்கூடப் பூமி அதே பாதையில்தான் சுற்றும். வெளிச்சமும் வெப்பமும் இருக்காது, அவ்வளவுதான். கருந்துளை துடைப்பம்போல் அண்டத்தைக் கூட்டிப் பெருக்குவதில்லை. பக்கத்தில் போனால்தான் ஆபத்து.

சிறிய ஆடி கண்ட திரள்

ஆஸ்ட்ரோசாட்டின் புற ஊதாக் கருவியில் 37.5 செ.மீ. விட்டமுள்ள இரண்டு தொலைநோக்கிகள் உள்ளன. ஹபிளின் ஆடி 2.4 மீட்டர். இருந்தும் 930 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள ஒரு விண்மீன் திரளிலிருந்து வரும் மிகு ஆற்றல் புற ஊதாக் கதிரை ஆஸ்ட்ரோசாட் பிடித்தது. புனேயிலுள்ள வானியல் ஆய்வு மையத்தின் தலைமையிலான குழு 2020இல் இதை வெளியிட்டது. அந்தக் கருவியின் உணர்வியில் பின்னணி இரைச்சல் மிகக் குறைவு என்பதே வெற்றிக்குக் காரணம். இளம் அண்டத்தின் இருள் எப்படி விலகியது என்பதைப் புரிந்துகொள்ள இத்தகைய கதிர் உதவுகிறது. கருவி பெரிதா சிறிதா என்பதைவிட, கேட்கும் கேள்விக்கு அது பொருந்துகிறதா என்பதே முக்கியம்.

வகுப்பறையில் செய்து பார்க்க

1. தொலைக்காட்சி ரிமோட்டின் முனையைக் கைப்பேசிக் கேமராவில் காட்டிப் பொத்தானை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி திரையில் மினுக்கும். சில கைப்பேசிகளில் முன்பக்கக் கேமராவில்தான் தெரியும். “கண்ணுக்குத் தெரியாத ஒளி உண்டு” என்பதற்கு இதுவே நேரடிச் சான்று.

2. பழைய குறுந்தகட்டில் எல்.இ.டி. விளக்கின் ஒளியையும் மெழுகுவத்தியின் ஒளியையும் பிரித்துப் பாருங்கள். நிறப்பட்டைகளின் வேறுபாட்டை மாணவர்கள் வரையட்டும். விண்மீனின் வெப்பமும் அதிலுள்ள தனிமங்களும் இப்படித்தான் அறியப்படுகின்றன. சூரியனை நேராகவோ கருவி வழியாகவோ பார்க்கக்கூடாது என்பதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

3. குளத்தில் ஓட்டாஞ்சில்லை நேராகப் போட்டால் மூழ்கும், சாய்வாக வீசினால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு எகிறும். எக்ஸ் கதிரும் ஆடியை நேராகத் தாக்கினால் உள்ளே புகுந்துவிடும், மிகச் சாய்வாகப் பட்டால் திரும்பும். சந்திராவின் ஆடிகள் பீப்பாய் வடிவில் இருப்பது இதனால்தான். குளக்கரையில் நான்கு சில்லு வீசிய பிறகு இந்தப் பாடத்துக்குப் படம் தேவையில்லை.

4. பூமியைக் கருந்துளையாக்க வேண்டுமானால் ஏறத்தாழ 18 மி.மீ. விட்டமுள்ள கோலிக்குண்டு அளவுக்கு அமுக்க வேண்டும். ஒரு கோலியை மேசையில் வைத்து இதைச் சொல்லுங்கள். பிறகு கேள்விகளைக் குறித்துக்கொள்ளத் தாளைத் தயாராக வைத்திருங்கள்.

5. தை மாத வானத்தை மாணவர்கள் தத்தம் வீட்டு வாசலிலிருந்து, பெரியவர்களோடு பார்க்கட்டும். தாத்தா, பாட்டி அறிந்த விண்மீன் பெயர்களைக் குறித்து வரச் சொல்லுங்கள். மறுநாள் அவற்றுக்கு நேரே தொலைவையும் ஒளி புறப்பட்ட காலத்தையும் எழுதலாம்.

மூன்று கேள்விகள்

மதிப்பீட்டில் பெயர்களையும் ஆண்டுகளையும் மட்டும் கேட்பதை நான் குறைத்துக்கொண்டேன். எந்தச் செய்தியைக் கொடுத்தாலும் மூன்று கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். இது எந்த ஒளியில் அறியப்பட்டது? எந்தக் கருவி அதைப் பதிவு செய்தது? இதற்கு வேறு விளக்கம் இருக்க முடியுமா? மூன்றாவது கேள்விக்கு மாணவர்கள் தடுமாறுவார்கள். தடுமாறட்டும், அறிவியல் அங்கேதான் தொடங்குகிறது. திருவாதிரை மங்கியதற்கு, “வெடிக்கப் போவதாக இருக்கலாம், தூசு மறைத்திருக்கலாம்; புற ஊதாவில் பார்த்தால் எது என்று தெரியும்” என்று எழுதிய மாணவிக்கு முழு மதிப்பெண் கொடுத்தேன்.

சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவர், வீட்டில் பார்த்த ஒரு காணொளியைப் பற்றி வகுப்பில் சொன்னார். பூமியை நோக்கி ஏதோ வருகிறது என்பது செய்தி. நான் வாய் திறப்பதற்குள் பக்கத்து பெஞ்சு மாணவி, “எந்தத் தொலைநோக்கி பாத்துச்சாம்?” என்று கேட்டார். அந்தக் காணொளியில் அதற்கு விடை இல்லை. வகுப்பே அதைத் தள்ளிவிட்டது.

சந்திராவின் பெயர் பற்றி ஒரு செய்தி மீதமிருக்கிறது. அந்தத் தொலைநோக்கிக்குப் பெயரிட 1998இல் நாசா ஒரு போட்டி நடத்தியது. 61 நாடுகளிலிருந்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். சந்திரசேகரின் பெயரைப் பரிந்துரைத்து வென்றவர்கள் இருவர்: ஒருவர் பள்ளி மாணவர், மற்றவர் ஓர் ஆசிரியை. 1999 ஜூலை 23 அன்று கொலம்பியா விண்ணோடத்தில் சென்ற சந்திரா, திட்டமிட்ட ஐந்து ஆண்டுகளைத் தாண்டி இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றியிருக்கிறது. இந்த ஆண்டு அண்டம் பாடத்தை எடுக்கும்போது, பாடத்தின் முதல் வரிக்கு முன்பாகக் கரும்பலகையில் அந்தக் கடைசி பெஞ்சுக் கேள்வியை எழுதிவிடுங்கள். பாடம் முழுவதும் அதற்கான விடையாக அமையட்டும்.